பள்ளிக்கு வரும் நாடகம்: ஆசிரியர்களும் பெற்றோரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்குத் தமிழ்ச் சிறுகதைகளை நாடகமாகக் கொண்டுபோகும் சிறிய குழு எங்களுடையது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். தலைமை ஆசிரியர், தமிழாசிரியர், சில சமயம் ஏதாவது ஒரு பிள்ளையின் அம்மா. கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். போனில் அவசரமாகச் சொல்வதைவிட நிதானமாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நீங்கள் சரியாக என்ன செய்கிறீர்கள்?

ஒரு நல்ல சிறுகதையை எடுத்துக்கொள்கிறோம். அதை எழுதியவர் எழுதிய சொற்களிலேயே மனப்பாடம் செய்கிறோம். பிறகு பள்ளிக்கு வந்து பிள்ளைகள் முன்னால் நடித்துக் காட்டுகிறோம். முடிந்ததும் உட்கார்ந்து அவர்களோடு பேசுகிறோம். கிளம்பும்போது அந்தக் கதை இருக்கும் புத்தகத்தைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

அவ்வளவுதான் வேலை. பாடத்தை நாடகமாக்கித் தருவதில்லை. சுகாதாரம், சாலைப் பாதுகாப்பு என்று தலைப்புக் கொடுத்தால் அதற்கேற்ப நாடகம் செய்வதும் இல்லை. அதற்கு நல்ல குழுக்கள் வேறு இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பார்த்த பிள்ளை மறுநாள் நூலக அலமாரியைத் திறந்து அந்தக் கதையைத் தேட வேண்டும்.

ஆண்டு விழா நாடகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆண்டு விழாவில் பிள்ளைகள் நடிக்கிறார்கள், பெரியவர்கள் பார்க்கிறோம். இங்கே பயிற்சி பெற்ற பெரியவர்கள் நடிக்கிறார்கள், பிள்ளைகள் பார்க்கிறார்கள். இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டாவது நம் ஊரில் குறைவு.

தமிழில் பிள்ளைகள் மேடை ஏறுவது புதிதே இல்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பின்னால் தமிழ் நாடகத்தில் பெரும் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாகப் போய்ச் சேர்ந்த இடம் அது. பத்து வயதுப் பையன் ராஜா வேடம் கட்டி விடிய விடியப் பாடுவான். கீழே உட்கார்ந்து பார்த்தவர்கள் பெரியவர்கள். பிள்ளைகளைப் பார்வையாளர்களாக மதித்து, அவர்களுக்கென்று ஒரு முழு நாடகத்தைப் பெரியவர்கள் உழைத்துத் தயாரிப்பது மிகவும் பின்னால் வந்தது.

இப்படி வேறு யாராவது செய்திருக்கிறார்களா?

நிறையப் பேர். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரின் பெல்கிரேட் தியேட்டர் 1965இல் நடிகர்களைப் பள்ளிக்கே அனுப்பத் தொடங்கியது. ‘கல்வியில் நாடகம்’ என்று இன்றைக்குச் சொல்லப்படும் முறை அங்கிருந்துதான் பரவியது. டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி 1989இல் பிள்ளைகளுக்காகவே தனியாக ஒரு குழுவை அமைத்தது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவர் அரங்குக்காக எழுதியவை ஈழத்துப் பள்ளிகளில் ஒரு தலைமுறையையே வளர்த்தன. புதுச்சேரியில் வேலு சரவணன் பிள்ளைகளுக்காக நாடகம் போடுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். அவருடைய நாடகத்தைப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஒரு முறையாவது பாருங்கள். மேடை எது, கீழே எது என்று பத்து நிமிடத்தில் தெரியாமல் போய்விடும்.

நான் நாடகத்துக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கக் காலத்தில். சாயங்காலம் வேலை முடித்து வந்த அம்மாக்கள் தெருவிளக்குக்குக் கீழே உட்கார்ந்து பார்ப்பார்கள். மடியில் பிள்ளைகள் இருக்கும். நாங்கள் அம்மாக்களுக்காக நடித்தோம். கண் கொட்டாமல் பார்த்தது மடியில் இருந்த பிள்ளைகள். அது மனதிலேயே கிடந்தது.

எந்தக் கதைகளை எடுக்கிறீர்கள்? எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

முதல் சோதனை, சத்தமாக வாசிப்பது. குழுவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்போம். கையில் தாள் இருக்கக் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். எங்கே கவனம் சிதறுகிறது, எங்கே நிமிர்ந்து உட்காருகிறோம் என்று பார்ப்போம். கண்ணால் படிக்க நன்றாக இருக்கும் சில கதைகள் காதுக்கு வராது. அவற்றை வருத்தத்தோடு விட்டுவிடுவோம்.

இப்போது எங்கள் கையில் இருப்பவற்றில் அதிகம் கேட்கப்படுவது இரண்டு. ஒன்று புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. சென்னையில் வழி தெரியாமல் நிற்கும் கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை காபி ஓட்டலுக்குக் கூட்டிப்போவதும், அவரிடமே தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்பதும், வீட்டில் பிள்ளையின் சின்ன மகள் கடவுளைத் தாத்தாவாக்கி விளையாடுவதும் பிள்ளைகளைச் சிரிப்பில் புரட்டி எடுக்கும். மேடையில் காபி கிடையாது. வெறும் டபராவும் டம்ளரும்தான். எங்கள் நடிகர் கையைத் தூக்கி ஆற்றுவார், தாளக்காரர் கஞ்சிராவை நகத்தால் சுரண்டுவார். “அண்ணே, காபி சிந்துது” என்று முன்வரிசையில் ஒரு பையன் கத்தியிருக்கிறான்.

இன்னொன்று வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’. 1915இல் வந்தது. தமிழின் முதல் சிறுகதை இதுதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை, அது நமக்கு இப்போது வேண்டாம். கதையை ஒரு மரம் சொல்கிறது என்பதுதான் எங்களைப் பிடித்து இழுத்தது. பள்ளி மைதானத்தில் எப்படியும் ஒரு மரம் நிற்கும். வேம்போ, புங்கையோ, தூங்குமூஞ்சியோ. எங்கள் மூத்த நடிகை அந்த மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். சில நேரம் தலையில் இலை உதிரும். அதைத் தட்டிவிட மாட்டார்.

நூறு வருடத்துக்கு முந்தைய மொழி. அப்படியே பேசினால் பிள்ளைகளுக்குப் புரியுமா? எளிமையாக்கக் கூடாதா?

இதுதான் ஆசிரியர்கள் அதிகம் கவலைப்படும் கேள்வி. நாங்கள் பிடிவாதமாக இருக்கும் இடமும் இதுதான்.

நேரம் கருதி வெட்டுவோம். ஆனால் எங்கள் சொல்லை ஒட்ட மாட்டோம். மேடையில் கேட்கும் ஒவ்வொரு வாக்கியமும் எழுத்தாளருடையது. “என்றாள்”, “என்று சொல்லித் திரும்பினான்” என்பவற்றைக்கூட விடுவதில்லை. நடிகர் அதைச் சொல்லிக்கொண்டே திரும்புவார். கதை சொல்பவராகவும் கதைக்குள் இருப்பவராகவும் ஒரே நேரத்தில் நிற்பார். கூத்தில் கட்டியங்காரன் இதைத்தானே காலகாலமாகச் செய்கிறான்? நமக்கு அந்நியமான முறை ஒன்றுமில்லை.

புரிதல் விஷயம். ‘அரசமரம்’ கதையின் நாயகி ருக்மிணியின் அப்பா ஆர்பத்நாட் பாங்கியில் போட்ட பணத்தை இழந்து நொடித்துப்போகிறார். 1906இல் உண்மையாகவே மூழ்கிய பாங்கி அது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது என்று நாங்கள் ஒத்திகையில் மண்டையை உடைத்துக்கொண்டோம். விளக்கமே தேவைப்படவில்லை. பணம் போன செய்தி வந்ததும் நடிகை மடியில் இருக்கும் சுருக்குப்பையைத் திறந்து பார்த்து, மெதுவாக மூடி, இடுப்பில் செருகுவார். அன்றைக்குக் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: “சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடிட்டான்டி.” அந்தத் தெருவில் எத்தனை வீடு அதில் மாட்டியிருந்ததோ.

ஒரே நடிகைதான் எல்லோரும். மாமியார் பேசும்போது முந்தானையை இறுக்கிச் செருகியிருப்பார். ருக்மிணி பேசும்போது அதே முந்தானை விரலில் சுற்றிக்கொண்டிருக்கும். பேசுவது யார் என்று இரண்டு நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். தெரியாத சொல் ஒன்றிரண்டு இருந்தால் இருக்கட்டும். வீட்டில் பாட்டி பேசுவதில் எல்லாச் சொல்லும் புரிந்தா நாம் வளர்ந்தோம்? அப்புறம், எளிமையாக்கிய மொழியில் நாடகத்தைப் பார்த்த பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் அங்கே வேறு மொழி இருக்கும். ஏமாந்துபோய் மூடிவிடும். மேடையில் கேட்ட அதே வரி பக்கத்தில் இருந்தால், நடிகையின் குரல் காதில் ஓட ஓட வாசிக்கும். வாசிப்பில் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய கைத்தாங்கல் என்று தமிழாசிரியர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கதையின் முடிவு பிள்ளைகளுக்குத் தாங்குமா? கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியாதா?

கதை தெரியாதவர்களுக்காக: சிறு வயதிலேயே மணம் முடிக்கப்பட்ட ருக்மிணி, அப்பா நொடித்துப்போனதால் புகுந்த வீட்டாருக்கு வேண்டாதவள் ஆகிறாள். கணவன் நாகராஜனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். மணப்பந்தலில் மறுத்துவிடலாம் என்று அவன் மனதுக்குள் திட்டம் வைத்திருக்கிறான், நண்பனிடமும் சொல்கிறான். ருக்மிணியிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அவள் குளத்தில் மூழ்கி உயிரை விடுகிறாள்.

ஒரு முறை மாற்றினோம். ஒரு பள்ளியில் காட்சிக்கு அரை மணி முன்னால் கேட்டுக்கொண்டார்கள், மறுக்கத் தைரியம் வரவில்லை. ருக்மிணி வீடு திரும்புவதுபோல முடித்தோம். கைதட்டல் பலமாக இருந்தது. மூன்று வாரம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. நாங்கள் விட்டுப்போன புத்தகத்தை ஒரு மாணவி எடுத்து வாசித்திருக்கிறாள். “நீங்க சொன்ன கதையில ருக்மிணி வீட்டுக்குப் போனா. புத்தகத்துல போகல. எங்ககிட்ட ஏன் மாத்திச் சொன்னீங்க?” என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்த அட்டை எங்கள் ஒத்திகை அறைச் சுவரில் இருக்கிறது. அதற்குப் பிறகு முடிவை மாற்றுவதில்லை.

ஆனால் எப்படிக் காட்டுகிறோம் என்பதில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்கிறோம். வளரும் பிள்ளைகள் முன்னால் ஒரு மரணத்தை அழகாக்கிவிடக் கூடாது. மூழ்குவதை நடித்துக் காட்டுவதில்லை. நடிகை மரத்தை விட்டு இரண்டு அடி நகர்ந்து, கையைக் கீழே போட்டுவிட்டு, மரத்தின் சொற்களை மட்டும் சொல்வார். தாளம் இருக்காது. பாட்டும் கிடையாது.

அதன் பிறகான உரையாடலை இந்தக் கதைக்கு நாங்கள் தவிர்க்கவே மாட்டோம். பெல் அடித்துவிட்டது, நேரமில்லை என்று பள்ளி சொன்னால் கதையையே மாற்றி, கந்தசாமிப் பிள்ளையை நடித்துவிட்டு வந்துவிடுவோம். உரையாடலில் எங்கள் கேள்வி ஒன்றுதான்: அன்றைக்கு ருக்மிணி யாரிடம் போயிருக்கலாம்? பிள்ளைகள் யோசிப்பார்கள். அம்மா, ஸ்நேகிதி, நாகராஜனின் நண்பன் என்று வரும். “அவன் அவகிட்ட ஏன் சொல்லல?” என்ற கோபம் எல்லா ஊரிலும் வரும். யாராவது எழுந்து வந்து நாகராஜனாக நின்று, சொல்லாமல் விட்டதைச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒரு பையன் வந்து நின்று வெகு நேரம் பேசாமலே இருந்தான். பிறகு “பயமா இருந்துச்சு, அதான் சொல்லல” என்றான். நடிகை ருக்மிணியாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று சொல்வோம். 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைகள் எந்த நேரமும் அழைக்கலாம் என்ற 1098, மனம் தாங்காதபோது பேச 14416. இந்த எண்களைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் வருவோம். எந்தப் பிள்ளைக்காவது வீட்டில் அண்மையில் இப்படி ஒரு மரணம் நடந்திருந்தால் ஆசிரியர் முன்கூட்டியே எங்களிடம் சொல்ல வேண்டும். வேறு கதை நடிப்போம்.

வ.வே.சு. ஐயரைப் பற்றிய சேரன்மாதேவிச் சர்ச்சை உங்களுக்குத் தெரியாதா?

தெரியும். அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம் தமிழக அரசியலையே திருப்பியது. பெரியவர் யாராவது கேட்டால் மட்டும் இல்லை, ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளிடம் நாங்களே சொல்கிறோம். ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையைப் பார்த்து இப்படி உருகி எழுதியவரின் பள்ளியில் அப்படி நடந்தது எப்படி என்று அவர்கள் கேட்கட்டும். எழுத்தாளரை மாலை போட்டு மறைத்து வைத்துப் பிள்ளைகளிடம் கொண்டுபோக எங்களுக்கு விருப்பமில்லை.

அவர் 1925இல் இறந்தது பாபநாசம் பக்கத்தில், கல்யாண தீர்த்த அருவியில். தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய்த் தானும் போனார். இந்தக் கதையை எழுதிப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. இதைப் பிள்ளைகள் கேட்டால் சொல்கிறோம். சொல்லி முடித்ததும் வரும் மௌனத்தைக் கலைக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

எந்த வகுப்புக்கு ஏற்றது?

புதுமைப்பித்தன் ஏழாம் வகுப்பிலிருந்து. ‘அரசமரம்’ ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான், கீழே இறக்க மாட்டோம். ஆறாம் வகுப்புக்கும் அதற்குக் கீழேயும் நாட்டார் கதைகளும் பாரதியின் பாட்டுகளும் வைத்து 30 நிமிட நிகழ்ச்சி இருக்கிறது. “எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துவிடுகிறோம் சார்” என்பார்கள். வேண்டாம். ஐந்தாம் வகுப்புக்குச் சலிப்பு வந்தால் ஒன்பதாம் வகுப்பு கேட்க முடியாது.

மேடை, மைக், விளக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். நிழல், குடிதண்ணீர், பெருக்கிய தரை. மைக் தயவுசெய்து வேண்டாம். அதனால்தான் ஒரு காட்சிக்கு 120 பேருக்கு மேல் உட்கார வைக்காதீர்கள் என்று கேட்கிறோம். அதற்கு மேல் போனால் கடைசி வரிசைக்கு முகம் தெரியாது, குரலும் உடையும். பிள்ளைகள் அரை வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும். விருந்தினருக்கு முன்னால் நாற்காலி போட்டு, அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். பெரியவர்கள் பின்னால் நிற்கலாம், அல்லது பிள்ளைகளோடு தரையில் உட்காரலாம்.

சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தால் பன்னிரண்டு மணிக்குள் முடிக்கும்படி நேரம் வையுங்கள். சாம்பார் தாளிக்கிற வாசனை வந்த பிறகு எந்த நடிகராலும் பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியாது.

எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டு பீரியட். நாடகம் 40 நிமிடம், உரையாடல் குறைந்தது அரை மணி. காலையில் ஒரு காட்சி, மதியம் ஒரு காட்சி. அதற்கு மேல் ஒரே நாளில் வைத்தால் மூன்றாவது கூட்டத்துக்குக் களைத்துப்போன நடிகரைத்தான் கொடுக்க முடியும்.

ஆசிரியர்கள் முன்கூட்டி ஏதாவது செய்ய வேண்டுமா?

முதல் நாள் வகுப்பில் கதையின் முதல் பக்கத்தை மட்டும் சத்தமாக வாசியுங்கள். முழுக் கதையையும் சொல்லிவிடாதீர்கள், நீதி என்ன என்று எழுதிப் போடவும் வேண்டாம். காட்சி நடக்கும்போது பிள்ளைகளோடு உட்கார்ந்திருங்கள். பின்னால் நின்று நோட்டுத் திருத்தினால், இது முக்கியமில்லாத விஷயம் என்று பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

சிரிப்புச் சத்தம் அதிகமானால் குச்சியைத் தட்டி அடக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். அது எங்கள் பொறுப்பு.

இதனால் மார்க் கூடுமா?

மார்க் கூடும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அப்படி அளந்து பார்க்கும் வசதி எங்களுக்கு இல்லை. நாங்கள் பார்ப்பது நூலகப் பதிவேட்டை. ஒரு மாதம் கழித்துப் போன் செய்து, அந்தப் புத்தகத்தை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கேட்போம். பல பள்ளிகளில் நூலகம் பூட்டிய பீரோவாக இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. புத்தகத்தைக் கேட்டு வந்த பிள்ளைகளுக்காகச் சாவியைத் தேடி எடுத்தோம் என்று ஒரு நூலகப் பொறுப்பாசிரியை சொன்னபோது எங்கள் குழுவில் அன்றைக்கு எல்லோருக்கும் பாயசம்.

நாங்களே இந்தக் கதைகளைப் பள்ளியில் நாடகமாகப் போடலாமா? உரிமைப் பிரச்சினை வருமா?

தாராளமாகப் போடுங்கள். நாங்கள் வெட்டித் தயாரித்த பிரதியையும் தருகிறோம்.

சட்டம் இதுதான். இந்தியாவில் எழுத்தாளர் இறந்த பிறகு 60 வருடம் வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. ஐயர் 1925லும் புதுமைப்பித்தன் 1948லும் மறைந்தவர்கள், ஆகவே இருவர் எழுத்தும் எல்லோருக்கும் பொது. தமிழ்நாட்டில் இன்னொரு நல்ல வழக்கம் இருக்கிறது. அரசு குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்து எழுத்தாளரின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கிவிடும். 1949இல் பாரதியின் எழுத்துகளை அரசு வாங்கியதில் தொடங்கியது. நாட்டுடைமை ஆன எழுத்தை யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம், நடிக்கலாம்.

மற்றபடி, பள்ளியின் ஆசிரியரும் மாணவரும் நடித்து, பள்ளிக்குள் உள்ளவர்களும் பெற்றோரும் மட்டும் பார்த்தால் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அதை மீறலாகக் கருதுவதில்லை. எங்களைப் போல வெளியிலிருந்து வரும் குழுவுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. வாழும் எழுத்தாளர் என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் நாங்கள் ஒத்திகையே தொடங்குவதில்லை. எழுதிப் பிழைப்பவரின் உழைப்பை இலக்கிய சேவை என்று சொல்லி இலவசமாக எடுப்பது தப்பு.

லாப நோக்கற்ற அமைப்பு என்கிறீர்கள், பிறகு ஏன் கட்டணம்?

இந்தக் கேள்வி வரும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது, இருந்தாலும் நியாயமான கேள்வி.

எங்கள் குழு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்த சங்கம். மிச்சம் வரும் பணத்தை உறுப்பினர்கள் யாரும் பிரித்துக்கொள்ள முடியாது, அடுத்த நாடகத்துக்குத்தான் போக வேண்டும். லாப நோக்கற்றது என்றால் அதுதான் அர்த்தம். நடிகருக்குச் சம்பளம் கிடையாது என்று அர்த்தமில்லை. டாட்டா ஏஸுக்கு டீசல் போடுகிறவர் இலவசமாகப் போடுவதில்லை. நாற்பது நாள் மனப்பாடம் செய்து, வெயிலில் நின்று, தொண்டை கட்டும்வரை பேசும் ஒருவருக்கு மட்டும் சேவைதானே என்று எப்படிச் சொல்வது? எங்கள் நடிகர்களுக்கு ஒத்திகை நாளுக்கும் காட்சி நாளுக்கும் கூலி உண்டு. அது குறையாமல் கொடுக்கத்தான் நான் பாதி நாள் போனில் உட்கார்ந்திருக்கிறேன்.

அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் கட்டணம் இல்லை. தனியார் பள்ளிகளிடம் வாங்குகிறோம். அந்தப் பணமும் நன்கொடையும் சேர்ந்துதான் அரசுப் பள்ளிக்கு வண்டி கிளம்புகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் இருக்கிறது. கல்வியும் கலையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கட்டடமோ கம்ப்யூட்டரோ கொடுக்கத்தான் விரும்புகிறார்கள், பெயர்ப்பலகை மாட்ட வசதியாக இருக்கும். நாடகம் முடிந்தால் மைதானத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதைப் புரிந்துகொண்டு கொடுப்பவர்களை நாங்கள் தலைமேல் வைத்துக்கொள்கிறோம்.

பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் புத்தகமாகக் கொடுக்கலாம். ஒரு பள்ளிக்கு ஐந்து பிரதி. ஒரே பிரதி என்றால் அது மேசைக்குள் போய்விடுகிறது.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

குழுவில் எல்லோருக்கும் காவல் துறைச் சரிபார்ப்புச் சான்று இருக்கிறது, பள்ளிக்கு நகல் தருகிறோம். பிள்ளைகளோடு நாங்கள் இருக்கும் நேரம் முழுவதும் ஆசிரியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் தொட்டு நடிக்க வைப்பதில்லை, விருப்பமில்லாத பிள்ளையை முன்னால் அழைப்பதும் இல்லை. போன் எண் வாங்கவோ கொடுக்கவோ மாட்டோம். எழுத நினைக்கும் பிள்ளை சங்க முகவரிக்கு அஞ்சலட்டை எழுதலாம். பிள்ளைகள் முகம் தெரியும் படம் எடுப்பதில்லை. நீங்களும் அந்த 40 நிமிடம் போனைப் பையில் வைத்திருந்தால் நல்லது.

உரையாடலில் ஒரு பிள்ளை தன் வீட்டுத் துயரத்தைச் சொல்ல ஆரம்பித்தால், எல்லோர் முன்னாலும் தொடரவிடாமல் அன்போடு நிறுத்தி, அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் ஊரை விட்டுக் கிளம்புவோம்.

எப்போது அழைக்க வேண்டும்?

ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை ஒரு சுற்று. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இரண்டாவது சுற்று, டிசம்பர் தொடக்கம் வரை. பொங்கலுக்குப் பிறகு பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் கேட்காதீர்கள், அவர்கள் மனம் வேறு எங்கோ இருக்கும். குறைந்தது ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள்.

இரண்டாவது சுற்றில் அழைப்பவர்கள் மழையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ‘அரசமரம்’ கேட்டிருந்து அன்றைக்கு மழை பெய்தால் வகுப்பறைக்குள் நடிப்போம். அப்போது நடிகை கையை வைத்து நிற்க ஒரு மரச்சாமான் வேண்டும். பழைய மர பெஞ்சு ஒன்றைச் சுவரில் நிமிர்த்தி வைத்தால் போதும், இரும்பு பெஞ்சு வேண்டாம்.